‘நான் அங்கே இல்லை’

கண்ணால் கண்ட சாட்சி ஒரு பக்கம், ‘சம்பவ நேரத்தில் நான் வேறு ஊரில் இருந்தேன்’ என்ற வாதம் மறுபக்கம். மேல்முறையீட்டில் நீதிபதிகள் எதை நம்புகிறார்கள், எப்படி நம்ப வேண்டும்?

1895 டிசம்பர் 16. லண்டன் விக்டோரியா தெருவில் அடால்ஃப் பெக் என்ற நார்வேக்காரரை ஒரு பெண் வழிமறித்தார். பிரபு என்று சொல்லிக்கொண்டு வந்து, செல்லாத காசோலையைக் கொடுத்து, தன் கடிகாரங்களையும் மோதிரங்களையும் சுருட்டிக்கொண்டு போன ஆள் இவர்தான் என்றார். பெக் பயந்து ஓடவில்லை. தெருவைக் கடந்து போய், ஒரு பெண் தன்னைத் தொந்தரவு செய்கிறாள் என்று அவரே போலீஸ்காரரிடம் புகார் சொன்னார். காவல் நிலையத்துக்குப் போன இருவரில் உள்ளே அடைக்கப்பட்டவர் பெக்.

அதே பாணியில் ஏமாந்த பெண்கள் லண்டனில் பலர் இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து ‘இவர்தான்’ என்றார்கள். சேர்ந்து பேசிச் சதி செய்தவர்கள் அல்ல. எல்லோரும் உண்மையாகவே நம்பினார்கள். 18 ஆண்டுகளுக்கு முன், 1877-ல், இதே மோசடிக்காக ஜான் ஸ்மித் என்ற ஆள் தண்டிக்கப்பட்டிருந்தார். அப்போது அவரைக் கைது செய்த முன்னாள் போலீஸ்காரரும் வந்து பார்த்தார். ‘ஸ்மித்தும் பெக்கும் ஒரே ஆள், எனக்குச் சந்தேகமே இல்லை’ என்றார்.

பெக்கிடம் இதற்குப் பதில் இருந்தது. 1877-ல் அவர் இங்கிலாந்திலேயே இல்லை. 1868-லேயே தென் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஸ்மித் லண்டனில் தண்டனை வாங்கியபோது பெக் பெரு நாட்டில் இருந்தார். அதைச் சொல்லச் சாட்சிகளும் இருந்தார்கள். 1877-ன் மோசடிக் கடிதங்களும் 1895-ன் மோசடிக் கடிதங்களும் ஒரே கையெழுத்தில் இருந்தன. அப்படியானால் முதல் மோசடியைச் செய்யாதவர் இரண்டாவதையும் செய்திருக்க முடியாது. பெருவில் இருந்தார் என்ற ஒரே விஷயம் நிரூபணமானால் வழக்கு முழுவதும் சரிந்துவிடும்.

1896 மார்ச்சில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. அரசுத் தரப்பு பழைய தண்டனையைப் பற்றிய குற்றச்சாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 1895 மோசடிகளை மட்டும் முன்வைத்தது. பெக்கின் வழக்கறிஞர் சார்லஸ் கில், கையெழுத்து நிபுணரிடம் 1877 கடிதங்களைப் பற்றிக் கேட்க முயன்றார். அரசு வழக்கறிஞர் ஹொரேஸ் ஏவரி ஆட்சேபித்தார். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நீதிபதி ஃபாரஸ்ட் ஃபுல்டன் தடுத்துவிட்டார். பெரு என்ற சொல் ஜூரியின் முன்னால் பொருளற்றுப் போனது. மிஞ்சியது பெண்களின் அடையாளம் காட்டல் மட்டும். ஏழாண்டுச் சிறை.

பெக்கின் கதையை அறிந்தவர்கள் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. சிறையில் பெக்குக்கு ஸ்மித்தின் பழைய கைதி எண்ணையே கொடுத்து, மறுமுறை வந்தவர் என்பதற்கு அடையாளமாக ‘டபிள்யூ’ என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். அவர் உள்துறை அலுவலகத்துக்கு மனுவுக்கு மேல் மனு எழுதினார். 1898-ல் ஓர் அதிகாரி ஸ்மித்தின் சிறைக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். ஸ்மித் விருத்தசேதனம் செய்துகொண்டவர் என்று அதில் குறித்திருந்தது. பெக்கின் உடலில் அது இல்லை. இருவரும் ஒரே ஆளாக இருக்கவே முடியாது என்பது அரசுக்கு அன்றே தெரிந்துவிட்டது. நீதிபதி ஃபுல்டனிடம் கருத்துக் கேட்டார்கள். பெக் ஸ்மித் அல்ல என்றே வைத்துக்கொண்டாலும், 1895-ல் ஏமாற்றியவர் அவர்தான் என்பதைப் பெண்கள் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்களே என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே பெக்கின் எண்ணிலிருந்து ‘டபிள்யூ’ நீக்கப்பட்டது. பெக் சிறையிலேயே இருந்தார்.

ஒரு மனிதர் வேறு ஆள் என்பது உடலிலேயே எழுதப்பட்டிருந்தும், ‘பார்த்தேன்’ என்ற சொல்லுக்கு முன்னால் அது எடுபடவில்லை. 1901-ல் வெளியே வந்தவர், 1904-ல் அதே வகைப் புகாரில் மறுபடியும் கைதாகி மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனைக்காகக் காத்திருந்தார். அந்த ஜூலையில் மோதிரங்களை அடகு வைக்க வந்த ஒருவரைப் போலீஸ் பிடித்தது. அவரே உண்மையான ‘ஸ்மித்’. பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தன. நீதிபதி ரிச்சர்ட் ஹென் காலின்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் எட்ஜ் அதில் ஓர் உறுப்பினர். இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு முறையான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907 சட்டத்தின் மூலம் பிறந்ததற்கு இந்த வழக்கு பெரும் காரணம். அதுவரை அங்கே தண்டிக்கப்பட்டவர் சாட்சியத்தை மறுபடி எடைபோடச் சொல்லிப் போய் நிற்க ஒரு நீதிமன்றம் கிடையாது. இந்தியாவிலோ 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே மேல்முறையீடு இருந்தது. ஆள்பவன் நாட்டில் இல்லாத உரிமை ஆளப்படுபவன் நாட்டில் இருந்தது என்பது சட்ட வரலாற்றில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம்.

சென்னையும் லடாக்கும்

நம் நாட்டுச் சட்டம் இந்த வாதத்தைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். வழக்கறிஞர்கள் இதற்குப் பயன்படுத்தும் ‘அலிபி’ என்ற சொல் சட்டத்தின் வாசகத்தில் இல்லை. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 11-வது பிரிவின் கீழ் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: கல்கத்தாவில் ஒருவர் குற்றம் செய்தாரா என்பது கேள்வியானால், அன்று அவர் லாகூரில் இருந்தார் என்பது பொருத்தமான சங்கதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இது 9-வது பிரிவு. ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறிவிட்டன. இப்போது குற்றம் சென்னையில், ஆள் லடாக்கில்.

அந்த எடுத்துக்காட்டின் அடுத்த வாக்கியம் முக்கியமானது. குற்றம் நடந்த இடத்திலிருந்து அவர் இருந்த தூரம், அவர் அதைச் செய்திருப்பது முடியவே முடியாது என்று காட்ட வேண்டும் என்பதில்லை. செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டினாலும் அந்தச் சங்கதி பொருத்தமானதே. வேறிடத்தில் இருந்ததாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது இன்னொரு பிரிவு. சட்டம் இவ்வளவுதான்.

தீர்ப்புகள் இதைவிடக் கடுமையாகப் போயின. 1981-ல் தூத்நாத் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்த இடத்தில் இருந்திருக்கவே முடியாத அளவு தூரத்தில் இருந்ததைக் காட்டினால்தான் இந்த வாதம் வெல்லும் என்றது. அலகாபாத்தில் நடந்த கொலை அது. நைனியில் இருக்கும் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலையில் இருந்தேன் என்றார் குற்றம் சாட்டப்பட்டவர். நைனி அலகாபாத்தை ஒட்டிய ஊர். அவர் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

1996-ல் தீர்ப்பான பினய் குமார் சிங் வழக்கு இன்றும் இத்தகைய மேல்முறையீடுகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. பீகாரில் ஜெஹானாபாத் பக்கம் நோன்ஹி, நாக்வான் கிராமங்களில் 1988 ஜூன் மாத இரவில் ஒரு கூட்டம் புகுந்து ஏழைகளின் குடிசைகளைக் கொளுத்தி, பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பில் அலிபியைப் பற்றி இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, அரசுத் தரப்பு தன் வழக்கைத் திருப்தியாக நிரூபித்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் தான் அங்கே இல்லை என்பதை முழு உறுதியோடு நிரூபிக்க வேண்டும். மற்றொன்று, அவர் தரும் சாட்சியம் நியாயமான சந்தேகத்தை எழுப்பும் தரத்தில் இருந்தால், அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்குப் போக வேண்டும்.

கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளில் முதல் கருத்து மட்டும் எடுத்தாளப்படுகிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. முழு உறுதியும் நியாயமான சந்தேகமும் ஒரே அளவு அல்ல. ஒருவரிடம் முதலாவதைக் கேட்டுவிட்டு, அது இல்லை என்றதும் சிறைக்கு அனுப்பினால், இரண்டாவது கருத்தை அந்த நீதிபதிகள் எதற்காக எழுதினார்கள்?

எது முதலில்?

என் வாதம் எளியது. பிழை நடப்பது எடைபோடும் வரிசையில். நீதிபதி முதலில் கண்ணால் கண்ட சாட்சியை எடுக்கிறார். குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறவில்லை, முரண்பாடுகள் சின்னவை, ஆகவே நம்பத்தக்கவர் என்று எழுதிவிடுகிறார். 40 பக்கங்கள் தாண்டி எதிர்த்தரப்புச் சாட்சிகளுக்கு வரும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டாயிற்று. ஏற்கெனவே நம்பப்பட்டுவிட்ட ஒரு சாட்சியத்தைத் தகர்க்க இந்தச் சாட்சியம் போதுமா என்பதாகக் கேள்வி மாறிவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் ‘போதாது’தான்.

ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்துவிட்டு மறுதட்டை நிரப்பினால்தான் தராசு பயன்படும். இங்கே ஒரு தட்டை நிறுத்தி முத்திரை குத்திய பிறகே மறுதட்டு தொங்கவிடப்படுகிறது. சாட்சி பார்த்ததாகச் சொல்லும் நேரமும், குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொரு ஊரில் இருந்ததாகச் சொல்லும் பதிவேடும் ஒரே சமயத்தில் மேசையில் இருக்க வேண்டும். பதிவேடு உண்மையானால் சாட்சி தவறியிருக்க வேண்டும். சாட்சி உண்மையானால் பதிவேடு பொய்யாக இருக்க வேண்டும். இரண்டில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதை ஒன்றுக்கொன்று முகம் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

தூத்நாத் பாண்டே தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். எதிர்த்தரப்புச் சாட்சிகளுக்கும் அரசுத் தரப்புச் சாட்சிகளுக்கும் ஒரே மதிப்புத் தர வேண்டும், எதிர்த்தரப்புச் சாட்சி என்றாலே நம்பாமல் விடும் பழைய வழக்கத்தை நீதிமன்றங்கள் விட்டொழிக்க வேண்டும், அவர்கள் பொய் சொல்வதுண்டு, அரசுத் தரப்புச் சாட்சிகளும் சொல்வதுண்டு என்பது அதன் சாரம். மேல்முறையீட்டு வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் இதை எடுத்துக்காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

உறவினர் சாட்சியம் என்று வரும்போது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமாகிறது. கொல்லப்பட்டவரின் மனைவியோ மகனோ சாட்சி சொன்னால், உறவு என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது என்பது சட்டம். 1953-ல் தலிப் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் விளக்கியது அது: உண்மையான கொலையாளியைத் தப்பவிட்டு அப்பாவியைக் காட்டிக்கொடுக்க நெருங்கிய உறவினர் பொதுவாக விரும்பமாட்டார். நியாயமான பேச்சு. 1957-ல் நம் மாநிலத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில் ஒரே ஒரு சாட்சியை நம்பி, அவர் கொலையுண்டவரின் மனைவி என்றபோதும், தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள், சொன்னதன் தரத்தைப் பாருங்கள் என்றது. அதிலும் தவறில்லை.

ஆனால் ‘அன்றிரவு என் கணவர் வீட்டில்தான் தூங்கினார்’ என்று குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி கூண்டில் ஏறினால், அக்கறையுள்ள சாட்சி என்று ஒரே வரியில் அவர் ஒதுக்கப்படுகிறார். இரவு பதினோரு மணிக்கு ஒரு கட்டடத் தொழிலாளி எங்கே இருந்தார் என்பதற்கு மனைவியையும் பிள்ளைகளையும் விட்டால் வேறு யார் சாட்சி? அவருக்கு வருகைப் பதிவேடு கிடையாது, விமானச் சீட்டு கிடையாது, ஓட்டல் ரசீது கிடையாது. பெரிய ஆளுக்கோ இவை எல்லாம் உண்டு. இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்ள முடியும். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததாகச் சான்று வாங்குவது இந்த நாட்டில் பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கு அவ்வளவு கடினமான காரியமல்ல. அலிபியின் தரத்தைக் காகிதத்தை வைத்து மட்டும் அளந்தால், பொய் சொல்லும் பணக்காரர் தப்புவார், உண்மை சொல்லும் ஏழை மாட்டுவார். நிரபராதியாக இருக்கும் பட்சத்தில் இந்த மனிதரிடம் என்ன வகைச் சாட்சியம் இருந்திருக்கும் என்று நீதிபதி கேட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தீர்ப்பிலும் இந்தக் கேள்வியைக் காண்பது அரிது.

கண் பொய் சொல்வதில்லை, ஆனால்

பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிடிக்கலாம். தவறாக நம்பும் சாட்சியைப் பிடிப்பது அதைவிடக் கடினம். அவர் வியர்க்கமாட்டார், விழிக்கமாட்டார்.

இங்கிலாந்தில் லூக் டாகர்ட்டி என்பவருக்கு நடந்ததைக் கேளுங்கள். 1972-ல் சண்டர்லாந்தில் ஒரு கடையில் திரைச்சீலைகள் திருடுபோயின. கடை ஊழியர்கள் இருவர் புகைப்படங்களிலிருந்து டாகர்ட்டியைக் காட்டினார்கள். அவரோ அந்த நேரத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்களோடு விட்லி பே கடற்கரைக்குச் சுற்றுலா போயிருந்தார். உடன் வந்த அத்தனை பேரில் மிகச் சிலர்தான் விசாரணையில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டார்கள். தண்டனை கிடைத்தது. மீதிப் பேரை மேல்முறையீட்டில் அழைக்க முயன்றபோது, முன்பே கிடைத்திருக்கக்கூடிய சாட்சியம் என்ற விதி குறுக்கே நின்றது. வழக்கு மறுபடி அனுப்பப்பட்டு 1974-ல்தான் தண்டனை ரத்தானது.

லாஸ்லோ விராக் வழக்கும் அதே காலத்தது. வாகன நிறுத்தக் கட்டணப் பெட்டிகளைத் திருடி, துரத்திய போலீஸ்காரரைச் சுட்டதாக 1969-ல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை. எட்டுப் பேர் அடையாளம் காட்டினார்கள், அதில் போலீஸ்காரர்களும் உண்டு. கிடைத்த கைரேகை அவருடையதல்ல. செய்தவர் வேறொருவர் என்று பின்னால் தெரிந்து 1974-ல் மன்னிப்பு வழங்கப்பட்டது. எட்டுப் பேர் சேர்ந்து தவறியிருக்கிறார்கள் என்பதை விராக்கின் விசாரணையில் யாரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இந்த இரண்டு வழக்குகளையும் ஆராய்ந்த டெவ்லின் பிரபுவின் குழு 1976 ஏப்ரலில் அறிக்கை தந்தது. விசேஷ சூழ்நிலை இருந்தாலொழிய அடையாளம் காட்டலை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்றது. மூன்று மாதத்தில் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் டர்ன்புல் வழக்கில் விதிகள் வகுத்தது. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்தில், என்ன வெளிச்சத்தில், இடையில் மறைப்பு உண்டா, முன்பே தெரிந்தவரா, முதலில் போலீசுக்குச் சொன்ன அடையாளம் என்ன என்று ஒவ்வொன்றாக ஜூரியின் முன் நீதிபதி வைக்க வேண்டும். நேர்மையான சாட்சியும் தவறலாம் என்று எச்சரிக்க வேண்டும். அதே தீர்ப்பில் அலிபியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. அலிபி பொய் என்று தெரிந்தாலும், அவர் குற்ற இடத்தில் இருந்தார் என்பதற்கு அது மட்டும் ஆதாரமாகாது. நிரபராதியும் பயத்தில் பொய்யான அலிபி சொல்லக்கூடும்.

பொய்யே இல்லாமல் வெறும் மறதியிலும் அலிபி தவறும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொனால்டு காட்டன் 1984-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதானார். குறிப்பிட்ட இரவில் எங்கே இருந்தார் என்று போலீஸ் கேட்டபோது, வார இறுதியை மாற்றிச் சொல்லிவிட்டார். அது விசாரணையில் பொய்யாகவே எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண் அவரை முழு நம்பிக்கையோடு அடையாளம் காட்டினார். மேல்முறையீட்டில் ஒருமுறை தண்டனை ரத்தாகி, மறுவிசாரணையில் மறுபடி தண்டிக்கப்பட்டு, 1995-ல் மரபணுச் சோதனை வேறொருவரைக் காட்டிய பிறகே வெளியே வந்தார். அந்நாட்டில் 2020 வரை மரபணுச் சோதனையால் விடுதலையான 375 பேரில் ஏறக்குறைய 69 சதவீதம் பேரின் வழக்குகளில் அடையாளத் தவறு உண்டு என்கிறது இன்னொசன்ஸ் பிராஜெக்ட் அமைப்பு. மூன்று வாரங்களுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வெளிநாட்டுப் பாடங்களை இங்கே அப்படியே நட்டுவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லண்டன் தெருவில் சாட்சிக்குக் குற்றவாளி அந்நியர். நம் கிராமக் கொலை வழக்குகளில் சாட்சிக்கு அவரைப் பிறந்ததிலிருந்தே தெரியும். நிலவொளியிலும் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். அங்கே முகம் தவறுவது அபூர்வம். ஆபத்து வேறு: உண்மையாக வந்த நால்வரோடு, வராத ஐந்தாவது ஆளின் பெயரையும் பகைக்காகச் சேர்ப்பது. மேல்முறையீடுகளில் நீதிபதிகள் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஐந்தாவது ஆளுக்காகத்தான்.

நோன்ஹி, நாக்வான் மாதிரியான வழக்குகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. அங்கே கண்ணால் கண்டவர்கள் உயிர் பிழைத்த ஏழைகள். எதிரே ஆயுதமும் நிலமும் சாதியும் கொண்டவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் அலிபியைக் கடுமையாகச் சோதிக்காவிட்டால், எரிந்த குடிசைக்குள்ளிருந்து கொலையாளியின் முகத்தைப் பார்த்த பெண்ணுக்கு நீதிமன்றம் செய்யும் துரோகம் அது. நீதிபதி தாமஸ் ‘முழு உறுதி’ என்று எழுதியதன் பின்னணியில் அந்த நெருப்பு இருக்கிறது. ஒரு படுகொலை வழக்குக்காக எழுதப்பட்ட கடுமை, ஒற்றைச் சாட்சியும் பழைய பகையும் மட்டுமே உள்ள சில்லறை வழக்குகளுக்கும் யோசனையின்றி நீட்டப்படுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மேல்முறையீட்டு நீதிபதியின் மேசையில்

சாட்சி பேசியபோது அவர் முகத்தைப் பார்த்தவர் செஷன்ஸ் நீதிபதி. உயர் நீதிமன்ற நீதிபதிகள் முன் இருப்பது தட்டச்சுக் கட்டு. கீழ் நீதிமன்றம் ஒரு சாட்சியை நம்பியிருந்தால், நேரில் பார்த்தவர் நம்பினாரே என்ற தயக்கம் மேலே இயல்பாக வரும். ஆனால் அலிபி பெரும்பாலும் முகத்தை நம்பி நிற்பதல்ல. நேரம், தூரம், பதிவேடு, பயணம் ஆகியவற்றின் கணக்கு அது. அந்தக் கணக்கைப் போட மேல் நீதிபதிக்குக் கீழ் நீதிபதியைவிட ஒரு குறையும் இல்லை. தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டில் முழுச் சாட்சியத்தையும் தானே மறுபடி எடைபோடும் அதிகாரமும் கடமையும் அவருக்கு உண்டு. விடுதலைக்கு எதிரான மேல்முறையீடாக இருந்தால் 2007-ன் சந்திரப்பா தீர்ப்புப்படி இரண்டு கருத்துகளுக்கு இடமிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானது நிற்கும்.

அலிபியை நன்றாக எடைபோட்டு நிராகரித்ததற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, பின்னர் இறந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இருவர், அன்றிரவு ஒரு பூங்காவில் நடந்த இசை நிகழ்ச்சியில் இருந்ததாகச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 2017 மே 5 தீர்ப்பில் அதை எடுத்து ஆராய்ந்து தள்ளியது. எதிரே இருந்தது வெறும் அடையாளம் காட்டல் அல்ல. பஸ்ஸில் தாக்கப்பட்ட நண்பரின் சாட்சியமும், இறந்த பெண்ணின் மரண வாக்குமூலமும், மரபணு அறிக்கையும் ஒரே திசையில் நின்றன. கண்ணால் கண்டதை உடல் ஆதாரம் தாங்கிப் பிடிக்கும்போது அலிபி நொறுங்குவது இயல்பு.

அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஆர். பானுமதி தமிழ்நாட்டிலிருந்து போனவர். அவரே 2015 ஜனவரியில் டொமாசோ புரூனோ வழக்கில் எழுதிய தீர்ப்பு இதற்கு நேரெதிர் முனையில் நிற்கிறது. வாரணாசியில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்த மூன்று இத்தாலியர்களில் ஒருவர் 2010 பிப்ரவரியில் இறந்துபோனார். மற்ற இருவர்மீது கொலை வழக்கு. அதிகாலையிலேயே கங்கைக் கரையில் சூரிய உதயம் பார்க்கப் போய்விட்டோம், திரும்பி வந்தபோதுதான் நண்பரின் நிலையைப் பார்த்தோம் என்றார்கள். கீழ் நீதிமன்றமும் அலகாபாத் உயர் நீதிமன்றமும் நம்பாமல் ஆயுள் தண்டனை கொடுத்தன. ஓட்டலில் சிசிடிவி கேமராக்கள் இருந்தன. அவர்கள் எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள் என்பதை அந்தப் பதிவே சொல்லியிருக்கும். போலீஸ் அதை நீதிமன்றத்தில் தரவே இல்லை. கையில் இருந்த சிறந்த ஆதாரத்தை மறைத்தால் அது அரசுத் தரப்புக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று சொல்லி இருவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

‘நான் வெளியே போயிருந்தேன்’ என்பதை நிரூபிக்கும் பொறுப்பு கைதியுடையது. ஆனால் நிரூபிக்கும் பொருள் போலீசின் கையில். இந்த முரணை நேருக்கு நேர் பார்த்த தீர்ப்பு அது.

ஆதாரத்தின் ஆயுள்

இந்தப் பொருளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது காலம். சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லும் கட்டம் மிகவும் பிந்தி வருகிறது. குற்றச்சாட்டு வனையும்போது அவர் தன் ஆவணங்களைக் காட்ட முடியாது என்று 2004-ல் தேவேந்திரநாத் பாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் முடிந்த பிறகு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ‘313 கேள்வி’ என்று நீதிமன்றங்களில் இன்னும் அழைக்கப்படும் கட்டத்தில்தான் அவர் முறையாக வாய் திறக்கிறார். அதற்குள் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் தானே அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்று இருந்தது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதை இரண்டாண்டாக்கியது. விசாரணை அதற்குள் முடிவதில்லை. செல்போன் எங்கே இருந்தது என்பது ஆள் எங்கே இருந்தார் என்பதற்கு முழு நிரூபணமும் அல்ல, ஆனால் இல்லாத ஒன்றைவிட மேல். ஆதாரம் அழிந்த பிறகு அலிபி சொல்லப்படுகிறது. சொன்னதும், ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை, இது பின்னால் யோசித்துச் சேர்த்தது’ என்று நிராகரிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 1967 முதல் அலிபியை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு. அப்போதுதான் போலீசும் அதை நேரத்தோடு சரிபார்க்க முடியும். நம்மிடம் அப்படி ஒரு விதி இல்லை. வேண்டும் என்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அறிவித்த மறுநாளே அது சம்பந்தமான பதிவுகளைப் பாதுகாக்கும் கட்டாயக் கடமை விசாரணை அதிகாரிக்கு இருக்க வேண்டும். செய்யாவிட்டால் புரூனோ தீர்ப்பில் சொன்ன எதிர்மறை முடிவு தானாகவே வர வேண்டும்.

சட்டம் மாறும்வரை ஒரு குடும்பம் செய்யக்கூடியவை சில உண்டு. கைதானவர் வேறிடத்தில் இருந்தது உண்மையானால், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் முதல் நாளிலேயே மாஜிஸ்திரேட்டிடம் அதை வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். அதே வாரத்தில் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும்: எந்த இடம், எத்தனை மணி, உடன் யார், எந்தக் கடையின் கேமரா, எந்தப் பஸ். தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆவணங்களை அழியாமல் வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போட வழி உண்டு. காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ன் சட்டம் தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். ஆறாண்டு கழித்து மேல்முறையீட்டு நீதிபதி தட்டச்சுக் கட்டைப் புரட்டும்போது, ‘பின்னால் யோசித்தது’ என்ற வாதத்துக்குப் பதிலாக அந்தத் தேதியிட்ட தபால் ரசீது அதில் ஒரு சான்றாவணமாக இருக்கும்.